குறிஞ்சியிற் பாலை: மலையக இலக்கியத்தில் இளம் பருவத் துயர்

நிலத்துக்கும் நெஞ்சுக்கும் உறவு கண்டவர் பண்டைத் தமிழர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சியென வகுத்து, அந்நிலத்துக்குரிய ஒழுக்கமாகப் புணர்தலை வைத்தனர். பிரிதலைப் பாலைக்குரியதாக்கினர். ஆயின் பாலைக்கெனத் தனி நிலம் ஒன்றைத் தொல்காப்பியர் கூறினாரில்லை. இளங்கோவடிகளே காடுகாண் காதையில், முல்லையும் குறிஞ்சியும் தத்தம் நல்லியல்பு கெட்டு, வெம்மையால் திரிந்து, துன்பந் தரும் பாலையாக வடிவு கொள்ளும் என விளக்கினார். எனவே பாலையென்பது எங்கோ தொலைவிற் கிடக்கும் வேற்று நிலமன்று. வளமான நிலமே வளமிழந்து காட்டும் கோலம் அது. இந்தக் கருத்தை மனத்திற் கொண்டு இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹற்றன், தலவாக்கொல்லை, பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தோன்றிய தமிழிலக்கியத்தை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். நிலத்தால் அது குறிஞ்சி. அருவியும் பனிமூட்டமும் பசுமையும் ஆங்கு உண்டு. ஆயின் அந்நிலத்து இளைஞரையும் கன்னியரையும் பற்றி எழுந்த கதைகளிலும் பாடல்களிலும் மேலோங்கி நிற்பது பிரிவே. பசுமை குன்றாத மலையிலே பாலை பிறந்த வரலாறு அவ்விலக்கியத்தின் வரலாறு எனலாம்.

மலையக இலக்கியத்தைத் திறனாய்ந்தோர் பெரும்பாலும் அதனை உழைப்பின் இலக்கியமாகவே கண்டனர். கூலி, கங்காணி, துரை, பிரசாவுரிமை, தொழிற்சங்கம் என்பனவே அவர்களுடைய ஆய்வுக்குத் தலைப்புக்களாயின. அவ்வாறு கண்டது தவறன்று. இருநூறு ஆண்டு வரலாறு அவ்வாறு காணுமாறு வற்புறுத்துகின்றது. எனினும் அதனால் விளைந்த குறையொன்று உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு சிறுமிக்கோ சிறுவனுக்கோ நேரும் தனிமை, உற்ற தோழமையை இழத்தல், முதற் காதல் முறிதல் என்பன பட்டினியோடு ஒப்பிடுகையில் அற்பமானவை என்ற எண்ணம் வேரூன்றிற்று. வயிறு வாடுவோர்க்கு நெஞ்சு வாடுதல் ஓர் ஆடம்பரம் என்பதுபோல் அவ்வெண்ணம் அமைகின்றது. ஓர் இனத்தவரை உழைக்கும் கைகளாக மாத்திரம் கண்ட தோட்ட முதலாளியின் பார்வைக்கும், அவர்கள்பால் இரக்கங் கொண்டும் கைகளை மாத்திரமே காணும் திறனாய்வாளனின் பார்வைக்கும் இடையே தொலைவு பெரிதன்று. நல்ல படைப்பாளர் இந்தப் பிழையைச் செய்யவில்லை. அவர்கள் எழுத்திற் கொழுந்துக் கூடையின் கனமும் நெஞ்சின் கனமும் ஒரே தோளில் ஏறியிருக்கின்றன.

பழைய பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்து, எட்டு முதற் பதினொன்று வரை பெதும்பை, பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை, பதினான்கு முதற் பத்தொன்பது வரை மடந்தை என வகுத்தன. விளையாட்டும் நாணமும் கனவும் கலந்த இடைக்காலம் ஒன்று மனிதர்க்கு உண்டென்பதை அப்பகுப்பு ஏற்றுக்கொள்கின்றது. தோட்டத்தில் அந்த இடைக்காலம் குறுகிப் போயிற்று. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஐந்தாம் வகுப்போடு நின்றன. பலவற்றில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் மேய்த்தார். மேலே கற்க விரும்பும் பிள்ளை மைல்கள் நடந்து நகரத்துப் பாடசாலைக்குச் செல்ல வேண்டும். அல்லது பேர் பதிந்து கொழுந்து மலைக்குச் செல்ல வேண்டும். பேர் பதிதல் என்பது தோட்டத்துத் தமிழில் ஆழ்ந்த பொருளுடைய தொடர். செக்ரோலில் பெயர் ஏறிய நாளோடு குழந்தைமை முடிவுறுகின்றது. நேற்றுவரை ஒரே பலகையில் அமர்ந்து எழுதிய இருவரில் ஒருத்தி கூடையைத் தலையிலே கட்டிக்கொண்டு விடியற்காலைப் பிரட்டுக்குச் செல்கின்றாள். மற்றவள் புத்தகப் பையோடு மலைப்பாதையில் இறங்குகின்றாள். இருவரும் பகைத்தவர் அல்லர். ஆயினும் அன்றுமுதல் அவர்களுக்குப் பேச்சுக்குரிய பொருள் வேறாகிவிடுகின்றது. தோட்டத்திலே முதலில் நிகழும் நட்பிழப்பு இது. சண்டையும் கண்ணீருமின்றி நிகழ்வதாலேயே இதனை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அதனை அடுத்து வருவது தனிமை. தோட்டத்து இளம் பருவத்தினரின் தனிமையைப் பேசுமிடத்து ஒரு முரண்பாட்டை விளக்குதல் வேண்டும். லயம் என்பது வரிசையாகத் தொடுத்த காம்பராக்களின் கட்டடம். ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பராவும் அதன் முன் ஒரு சிறிய இஸ்தோப்பும் ஒரு குடும்பத்துக்குரிய பங்கு. பெற்றோரும் பிள்ளைகளும், சிலபோது மணமான மகனும் மருமகளும், அதனுள்ளேயே சமைத்து, உண்டு, உறங்கி வாழ்கின்றனர். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் பேச்சு கேட்கும். இத்தகைய இடத்தில் ஒருவர் தனிமையுறுவது எவ்வாறு என்று வெளியார் கேட்கக்கூடும். விடை இதுவே: தனித்திருக்க இடமில்லாதவரே பெரிதும் தனிமையுறுகின்றார். தன் மனத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளவோ, அழவோ, ஒரு கடிதத்தை மறைத்து வைத்துப் படிக்கவோ ஒரு மூலைகூட இல்லாதபோது, இளம் உள்ளம் தன்னுள்ளேயே சுவர் எழுப்பிக்கொள்கின்றது.

தெளிவத்தை ஜோசப் (1934–2022) இந்த உண்மையை நுட்பமாக உணர்ந்த எழுத்தாளர். அவருடைய ‘மீன்கள்’ என்னும் சிறுகதை ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு நெருங்கிக் கிடக்க நேர்ந்த குடும்பத்தின் அவலத்தைப் பொருளாகக் கொண்டது. இடநெருக்கடியாற் குடும்பத்துள் எழும் நாணமும், தகப்பனின் குமைச்சலுமே அக்கதையின் கரு. அக்கதையைப் பலரும் வீட்டுப் பிரச்சினை பற்றியதாகவே படித்தனர். வீடு அதன் புறப்பொருள். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கவியலாமற் போகும்போது ஒரே கூரையின் கீழ் ஒவ்வொருவரும் தனித்தனித் தீவாகிவிடுவது அதன் அகப்பொருள். இவ்வாறு அகத்தையும் புறத்தையும் பிரிக்கவொண்ணாதபடி பிணைத்தமையே அதன் வெற்றி. அவரது ‘நாமிருக்கும் நாடே’ என்ற தொகுதி 1979ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவல் அதற்கு முன்னரே, 1974ஆம் ஆண்டு நூலாயிற்று. இவற்றிலும் மனிதரைப் பிரச்சினைகளின் எடுத்துக்காட்டுகளாக நிறுத்தாமல், மனிதராகவே நடமாட விட்ட பண்பைக் காணலாம்.

காதற்றுயரை எடுத்துக்கொண்டால் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முன்னிற்கின்றது. 1980ஆம் ஆண்டு அதே பெயரிலே தொகுதியொன்றும் வெளிவந்தது. ஓர் இளம்பெண் வழமைக்கு மேலாகக் கொழுந்து கொய்துவிடுகின்றாள். பாராட்டுக்குரிய அச்செயலே அவள்மீது பழியைக் கொண்டுவருகின்றது. நிறுவையின் மிகையை ஊரார் ஒழுக்கத்தின் குறையாகப் பேசத் தலைப்படுகின்றனர். அவள் அப்பழியை மறுப்பதும் தன் கைத்திறனாலேயே.

இக்கதையை அகப்பாடல்களில் வரும் அலரோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். அகமரபில் ஊரவர் வாய்மொழியாகிய அலர் காதலர்க்கு இடுக்கண் தருவதாயினும், முடிவில் அவர்களை வரைவுக்கு விரைவிக்கும் கருவியுமாகின்றது. தலைவிக்கு அலரைத் தாங்குதற்குத் தோழி உண்டு. தாயிடம் அறத்தொடு நிற்பவளும் அவளே. இராமையாவின் கதையிலோ அலர் தராசுத் தட்டிலிருந்து பிறக்கின்றது. ஒரு பெண்ணின் நாணமும் அவளது நாட்கூலியும் ஒரே கணக்கேட்டில் எழுதப்படுகின்றன. அலரை எதிர்கொள்ள அவளுக்கு வாய்த்த துணை தன் விரல்களே. காதலின் மென்மையைப் பாடவந்த மரபொன்று தொழிற்களத்துக்கு இறங்கியபோது எத்தகைய மாற்றம் அடையும் என்பதற்கு இது தெளிவான சான்று. வெற்றியில் முடியும் அக்கதையிற் கூட, ஐயுறப்பட்ட ஓரிளம் நெஞ்சின் காயம் ஆறிவிட்டதாகக் கருதவியலாது. நம்பவேண்டியவர் நம்புவதற்குச் சான்று வேண்டிற்று என்பதுவே அவளது இழப்பு.

மலையகத்து இளைஞர் இழப்புகளுள் தலையாயது நட்பிழப்பும் அதனோடு பிணைந்த காதலிழப்புமே. இதனை விளங்கிக்கொள்ள அரசியல் வரலாற்றைச் சிறிது நினைவு கூர்தல் இன்றியமையாதது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974ஆம் ஆண்டு உடன்பாடாயிற்று. பெரியோர் விண்ணப்பம் எழுதினர். வயது வராத பிள்ளைகள் அவர்களுடைய விண்ணப்பத்துள் அடங்கினர். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தியை நோக்கி, உனக்கு எந்த நாடு வேண்டும் என எவரும் கேட்கவில்லை. அவள் பிறந்த மலையும், தண்ணீர் எடுத்த பீலியும், தோளோடு தோள் நின்று கொழுந்தெடுத்த தோழியும் எத்தனை உண்மையானவையோ அத்தனை அந்நியமானது அவள் செல்லவிருந்த ‘தாயகம்’. பெற்றோர் பிறந்த ஊரைக்கூடப் பார்த்திராத தலைமுறை அது.

ஹற்றன் முதலிய நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். ஏறியோரும் அழுதனர், மேடையில் நின்றோரும் அழுதனர். தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அங்கிருந்து மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளுக்கும் தமிழகத்தின் பிற ஊர்களுக்கும் அம்மக்கள் சிதறினர். 1984ஆம் ஆண்டு கப்பற் போக்குவரத்து நின்றபோது அப்பயணமும் நின்றது. மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதியொன்றுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் சூட்டியமை அப்பெயர் அம்மக்கள் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்குச் சான்றாகும்.

பண்டைப் பாலைப் பாட்டிலும் இதற்கு ஒப்பான காட்சி உண்டு. தலைவி தான் விரும்பிய விடலையோடு உடன்போக்குச் செல்கின்றாள். விடலை என்பது பாலைத் தலைவனுக்குரிய பெயர்களுள் ஒன்று. இன்று வளரிளம் பருவத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே. பின்னே செவிலி புலம்புகின்றாள். ஆயத்தார் அவள் ஆடிய இடங்களைக் கண்டு வருந்துகின்றனர். சுரத்திடைச் செல்லும் தலைவி எதிர்ப்படுவோரிடம் தன் ஆயத்தார்க்குச் செய்தி சொல்லி அனுப்பும் பாடல்களும் உள. தோழியரின் பிரிவைத் தமிழ் மரபு அறிந்தே இருந்தது. ஆயின் அப்பிரிவுக்குக் காரணம் தலைவியின் காதல். அவள் தானே விரும்பிச் சென்றாள். ஆதலின் பின்தங்கியோரின் துயரில் ஒருவகைப் பெருமிதமும் கலந்திருந்தது. ஒப்பாரிக் கோச்சியில் ஏறிய பெண்ணோ காதலைப் பின்னே விட்டுச் சென்றாள். உடன்போக்கு ஈண்டுத் தலைகீழாயிற்று: அகப்பாட்டில் ஒருத்தி காதலன்பொருட்டுத் தாயைப் பிரிந்தாள், மலையகத்தில் ஒருத்தி தாயோடு செல்லவேண்டியதன்பொருட்டுக் காதலனையும் தோழியையும் பிரிந்தாள். இளங்கோ கூறிய வெம்மை ஞாயிற்றால் வந்தது. மலையகக் குறிஞ்சியைப் பாலையாக்கிய வெம்மை தலைநகரங்களில் எழுதப்பட்ட எண்களிலிருந்து வந்தது.

இப்பொருளைக் கையாண்ட கதைகள் பலவாயினும், ஒரு குறையை மறைத்தல் தகாது. அவற்றிற் பெரும்பாலானவை புகையிரத மேடையோடு முடிந்துவிடுகின்றன. கை அசைகின்றது, புகை எழுகின்றது, கண்ணீர் வழிகின்றது. கதையும் நிற்கின்றது. ஆனால் இளமையின் இழப்பு மேடையில் நிகழ்வதன்று. அது அடுத்த திங்களில், அடுத்த மழையில், கொழுந்து நிரையிலே தன் அருகில் வேறொருத்தி நிற்கும்போது நிகழ்கின்றது. முதலில் அடிக்கடி வந்த கடிதம் பின்னர் அருகி, இறுதியில் நின்றுபோவதே நட்பின் உண்மையான மறைவு. எழுத்தறிவு குறைந்த சமூகத்தில் அக்கடிதத்தைப் பிறர் வாயாற் படிக்கக் கேட்க நேர்வதும், பிறர் கையால் எழுதுவிக்க நேர்வதும் வேறு துயர். மறைபொருளை மூன்றாமவர் முன் சொல்லத் துணியாத கன்னி, சுகம், சுகமறிய ஆவல் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றாள். இவ்வாறான நுண்ணிய இழப்புகளை விரித்தெழுதிய நெடுங்கதை மலையகத்துக்கு இன்னும் வேண்டியிருக்கின்றது.

மற்றொரு பிரிவும் கருதத்தக்கது. தோட்டத்துச் சிறுவரும் சிறுமியரும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிற நகரங்களிலும் வசதியுள்ளோர் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். மலையகச் சிறுகதைகளில் மீண்டும் மீண்டும் வரும் பொருளாக இது இருந்துவருகின்றது. தோட்டத்துத் துரையின் கொடுமையைப் படித்துக் கண்ணீர் உகுக்கும் வாசகருக்கு இக்கதைகள் இனிமையானவையல்ல. ஏனெனில் இவற்றில் வரும் எசமானர் துரையல்லர், தமிழ் பேசும், திருமுறை ஓதும், பிள்ளைகளை நல்ல கல்லூரிக்கு அனுப்பும் இல்லத்தவரே. அவ்வீட்டுப் பிள்ளையும் அடுப்படியிலுள்ள பிள்ளையும் ஒரே வயதினர். ஒருவன் பாடத்தை உரக்கப் படிக்கின்றான்; மற்றவன் அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்குகின்றான். மொழி ஒன்றே, தெய்வம் ஒன்றே. எனினும் இருவர்க்கும் இடையே நட்பு மலர வழியில்லை. இளம் பருவத் தனிமையின் கொடிய வடிவம் இதுவாகலாம். கல்விக்கூடங்களில் இலக்கியம் கற்போர் இத்தகைய கதைகளைத் தம்மைப் பற்றிய கதைகளாகவும் படித்தல் கடன்.

எழுத்திலக்கியத்தினின்றும் சற்று விலகி, அம்மக்களின் வாய்மொழி வளத்தை நோக்கினால் வேறொரு தெளிவு கிடைக்கின்றது. மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டு தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவரும், கவிஞரும் நாவலாசிரியருமான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற அத்தொகுப்பு இலக்கியத்துக்கு அவர் ஆற்றிய தொண்டுகளுள் முதன்மையானது எனல் மிகையாகாது. தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியுமாகிய அப்பாடல் மரபில் இளைஞரின் ஏக்கம் தயக்கமின்றி வெளிப்படுகின்றது. கேலியும் சினமும் காதலும் அங்கு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. கொழுந்து நிரையில் ஒருத்தி தொடங்க மற்றவர் தொடரும்போது, ஒருத்தியின் துயர் பலர் வாயிற் புகுந்து பொதுத்துயராகி இலேசாகின்றது.

காமன் கூத்தும் அவ்வாறே. மாசித் திங்களில் தோட்டந்தோறும் தப்பின் ஒலியோடு நிகழும் அக்கூத்தில், சிவபெருமானின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் நடித்துக் காட்டப்படுகின்றன. தோட்டத்து இளைஞரே விரதம் பூண்டு வேடம் தாங்குகின்றனர். காதலன் சாம்பலாக, துணையிழந்தவள் ஊர் முழுவதும் கேட்க அழுகின்றாள்; ஊரும் அவளோடு அழுகின்றது. உள்ளத்தில் ஒளித்துவைத்த தன் முறிவை ஓரிளைஞன் அன்றிரவு இரதியின் குரலிற் கேட்டு ஆறுதல் பெறுகின்றான். சமயச் சடங்கு என்றும் நாட்டார் கலை என்றும் ஆராயப்பெறும் இக்கூத்து, வளரும் பருவத்தின் வேதனைக்கு ஊர் கூடி இடம் வகுத்துக் கொடுத்த ஏற்பாடும் ஆகும். சிறுகதையோ இதனின்றும் வேறானது. அது தனியே இருந்து எழுதப்பட்டுத் தனியே இருந்து படிக்கப்படுவது. அதனாலேயே கூட்டத்தில் வெளியிட இயலாத தனிமையை அது வெளியிடவல்லது. பாடலும் கூத்தும் துயரைப் பகிர்ந்தன. சிறுகதை துயரை அடையாளங் கண்டது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மலையக இலக்கியத்தின் மற்றொரு குறை இளையோரின் குரல் பற்றியது. இளம்பெண் கதைகளில் வருகின்றாள்; ஆயின் பலபோது பிறர் செயலுக்குக் காரணமாக மாத்திரம் வருகின்றாள். அவளுக்கு நேர்ந்த தீங்கு தகப்பனைக் கிளர்ந்தெழச் செய்கின்றது, காதலனைத் தொழிற்சங்கத்துக்கு இட்டுச் செல்கின்றது. அவள் என்ன நினைந்தாள் என்பது சொல்லப்படாமலே போகின்றது. இக்குறை மலையகத்துக்கு மாத்திரம் உரியதன்று. அசாம் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு முல்க் ராஜ் ஆனந்த் 1937ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற நாவலிலும், கங்குவின் இளம் மகள் லைலா வெள்ளை அதிகாரியின் இச்சைக்கு இலக்காகித் தகப்பனின் சாவுக்கு ஏதுவாகின்றாள். அவளது அகவுலகம் கங்குவினுடையதுபோல் விரியவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலில், சங்கம் அமைக்க முற்பட்ட இளைஞன் வேலையோடு இருப்பிடத்தையும் இழந்து அலைகின்றான். வேலை போனால் லயமும் போகும் என்பது தோட்டத்தின் நியதி. நாவல் அவனது போராட்டத்தைச் சிறப்பாகக் காட்டுகின்றது. அலையும் இளைஞனுக்கு இரவில் நேரும் தனிமையை வாசகரே ஊகிக்கும்படி விடுகின்றது.

இவ்விடத்திற் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நினைக்கத்தக்கது. 1964ஆம் ஆண்டு, ஒப்பந்தம் கைச்சாத்தான அதே ஆண்டில், வெளிவந்த அந்நாவல் வள்ளி என்னும் பெண்ணின் வாழ்க்கையை ஊடிழையாகக் கொண்டது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியின் பாதியைத் தலைப்பாக்கி, மீதியை வாசகர் மனத்தில் கசப்போடு நிறைவுறச் செய்தார் ஆசிரியர். பெண்ணொருத்தி பெண்ணின் வாழ்வை எழுதியமையால், வரலாற்றின் பெருநிகழ்ச்சிகள் ஒரு மனத்தின் வழியே வடிந்து வருவதை அந்நாவலிற் காணலாம். அதன் கட்டமைப்பிற் குறை கூறுவோர் உளர். எனினும், தோட்டத்துப் பெண்ணை எண்ணாகவோ எடுத்துக்காட்டாகவோ கொள்ளாமல், வளர்ந்து மாறி நினைவு சுமக்கும் ஓருயிராகக் கொண்டமையால் அதன் இடம் உறுதியானது.

மேலைநாட்டில் ஓரிளைஞன் வளர்ந்து ஆளாவதைப் பொருளாகக் கொண்ட நாவல் வகையொன்று கேத்தேயின் காலந்தொட்டுச் செழித்தது. அவ்வகையில் இளைஞன் பிறந்த வீட்டைத் துறந்து உலகைக் காணச் செல்கின்றான். நட்பை இழக்கின்றான், காதலில் தோற்கின்றான். ஈற்றில் தன்னை அறிந்து உலகில் தனக்கோர் இடத்தைப் பெறுகின்றான். இழப்புகள் யாவும் வளர்ச்சிக்குப் படிகளாகின்றன. மலையகத்தில் அக்கதையை அவ்வாறே எழுதவியலாது. ஈண்டு இளைஞன் வீட்டைத் துறப்பதில்லை. வீடே அவனிடமிருந்து பறிக்கப்படுகின்றது. உலகில் இடம் பெறுவதற்கு முன் நாட்டில் இடம் பெறவேண்டியிருந்தது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. ஆகவே மலையகத்தின் வளர்ச்சிக் கதை தனக்குரிய வடிவத்தைத் தானே தேடவேண்டும். நீண்ட நாவலாக அன்றி, முறிந்து நிற்கும் சிறுகதையாகவே அது பெரிதும் அமைந்தமைக்கு இதழ்களின் பக்க அளவு மாத்திரம் காரணமன்று. வாழ்வே முறிந்து முறிந்து சென்றமையும் காரணமாகலாம்.

1997ஆம் ஆண்டு துரைவி பதிப்பகத்தின் வாயிலாகத் தெளிவத்தை ஜோசப் தொகுத்தளித்த ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்னும் இரு தொகுதிகளும், சிதறிக் கிடந்த கதைகளை ஒருங்கே படிக்கும் வாய்ப்பைத் தந்தன. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவு கூரப்பட்டபோது அம்மக்களின் உரிமைகள் பேசப்பட்டன, அது தக்கதே. ஒப்பாரிக் கோச்சி நின்றுவிட்டது. ஆயினும் தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். லயத்தில் எஞ்சும் பிள்ளையின் தனிமை பழைய தனிமையின் புதிய வடிவமே. கையிற் கைபேசி உண்டு. பிரிந்த தோழியின் முகத்தைக் காணவும் இயலும். காண்பது வேறு, அருகிருப்பது வேறு என்பதைப் பாலை பாடிய புலவர் எழுதிச் சென்றனர்.

எனவே, திறனாய்வு செய்யவேண்டியது பட்டினியையும் ஏக்கத்தையும் எதிரெதிர் நிறுத்தி எது பெரிது என்று வழக்குரைப்பதன்று. உரிமை மறுக்கப்பட்ட சமூகத்தில் இளம் நெஞ்சின் துயரும் உரிமை மறுப்பின் விளைவே. ஆயினும் அது அவ்விளைவு மாத்திரமன்று, எல்லா மனிதரும் ஒரு காலத்திற் கடக்கும் வழியும் ஆகும். இவ்விரண்டையும் ஒருங்கே காட்டிய கதைகளே நிலைபெற்றன. கல்லூரி மாணவர் விடுமுறையில் மலையகம் செல்வாராயின், அருவியையும் சமவெளியையும் கண்டு மீள்வதோடு அமையாது, முதியோர் சிலரிடம் அமர்ந்து, கோச்சியேறிச் சென்ற தோழியின் பெயரைக் கேட்டறிதல் நன்று. ஐம்பது ஆண்டு கடந்தும் அப்பெயரைத் தடுமாறாது சொல்வோர் அங்கு உளர். அவர் சொல்வதைச் சிதையாமல் எழுதி வைப்போர் மலையக இலக்கியத்தில் எழுதப்படாத பக்கத்தைத் தொடங்கியோராவர்.